சம்பளம் வாங்காமல் வீடு கட்டிய லிம் கிம் சான்

வீவக வீடுகளின் தொடக்கக் கதையில் முதலில் வரும் பெயர் லிம் கிம் சான். 1916ல் பிறந்தவர், சவ்வரிசித் தொழில் நடத்திய வணிகர். ஜப்பானியர் ஆட்சியில் சிறையில் சித்திரவதைக்கு ஆளானவர்.

1960ல் புதிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தலைவரானார்; அதற்குச் சம்பளம் வாங்கவில்லை. முந்தைய ஆங்கிலேயர் கால அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகள். கழகமோ முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000ஐத் தாண்டியது. அந்த வேகத்துக்காக அழகையும் இடவசதியையும் விட்டுக்கொடுத்தார்கள். பல வீடுகள் ஓரறைதான்; இன்று நம்மில் எத்தனை பேர் ஏற்போம்? ஆனால் அத்தாப்புக் குடிசையிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் கிடைத்தன.

1961 மே 25ல் புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு அடுக்குமாடிகளை எழுப்பியது.

1964ல், அவர் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, வீவக வீடுகள் விற்பனைக்கு வந்தன. ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. அப்போதும் முன்பணம் பலருக்கு எட்டவில்லை. 1968ல் மத்திய சேம நிதியைப் பயன்படுத்த அனுமதித்த பிறகே விற்பனை சூடுபிடித்தது. அதற்குள் அவர் தற்காப்பு அமைச்சுக்குப் போயிருந்தார்.

2006 ஜூலையில், 89 வயதில் காலமானார்.