செர்கே கொரோலியோவ்

செர்கே பாவ்லொவிச் கொரோலியோவ் (ஜனவரி 12, 1907 – ஜனவரி 14, 1966) சோவியத் ஒன்றியத்தின் தலைமை ஏவூர்தி வடிவமைப்பாளர் ஆவார். ஸ்புட்னிக் 1 (1957), யூரி ககாரினின் விண்பயணம் (1961) ஆகியவை இவரது தலைமையில் நிகழ்ந்தன.

வாழ்க்கைச் சுருக்கம்

உக்ரைனின் சித்தோமிர் நகரில் பிறந்தார். மாஸ்கோவில் பொறியியல் பயின்றார். 1938 இல் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் கைதாகி, கொலிமா தங்கச் சுரங்க முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944 இல் விடுதலையானார்.

எடையற்ற நிலையில் எந்திர இயக்கம்

எடையற்ற நிலையில் திரவ எரிபொருள் தொட்டியின் அடியில் தங்குவதில்லை. குழாயினுள் வாயு புகுந்தால் எந்திரம் இயங்காது. இவரது ஆர்-7 ஏவூர்தியின் எந்திரங்கள் அனைத்தும் தரையிலேயே பற்றவைக்கப்பட்டன. நிலவுப் பயணங்களுக்காகச் சேர்க்கப்பட்ட மேலடுக்கு, கீழடுக்கு உந்திக்கொண்டிருக்கும்போதே பற்றவைக்கப்பட்டது. கோள்களுக்குச் செல்லவோ, பூமியைச் சுற்றிவரும்போது எந்திரத்தைத் தொடக்க வேண்டியிருந்தது.

இதற்கென இவரது பணியகம் "பிளாக் எல்" என்னும் அடுக்கை உருவாக்கியது. முதலில் சிறிய திண்ம எரிபொருள் எந்திரங்கள் அடுக்கைச் சற்றே முன்தள்ளும். அதனால் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிசனும் தொட்டிகளின் வாயிலில் திரளும். பின்னர் முதன்மை எந்திரம் பற்றும். பெப்ரவரி 4, 1961 இல் மின்வழங்கிக் கருவி பழுதானதால் எந்திரம் பற்றவில்லை. பெப்ரவரி 12 இல் முயற்சி வென்றது. வெனேரா 1 விண்கலம் வெள்ளியை நோக்கிச் சென்றது. எனினும் வழியிலேயே அதனுடனான தொடர்பு அறுந்தது.

மறைவு

மாஸ்கோவில் அறுவைச் சிகிச்சையின்போது காலமானார். இரகசியமாக வைக்கப்பட்டிருந்த இவரது பெயர் அதன் பின்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிளாக் எல் அடுக்கால் செலுத்தப்பட்ட லூனா 9, பெப்ரவரி 3, 1966 இல் நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய முதல் விண்கலமானது. இவ்வடுக்கின் வழிவந்தவை 2010 வரை பயன்பட்டன.