வத்தலக்குண்டு டூ பாப்பாரப்பட்டி: ஊர் ஊராக சங்கம் கட்டியவர்... ரயிலில் ஏற முடியாமல் நடந்தே போனவர்! யார் இந்த சுப்பிரமணிய சிவா?

திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஏறினால் வத்தலக்குண்டைத் தாண்டித்தான் போகணும். அந்த ஊரில் பிறந்த ஒருவரை நினைத்து ஆங்கிலேய அரசு பயந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை நாட்டை விட்டே வெளியே அனுப்பியது. பிறகு சிறையில் தொற்றிய ஒரு நோய், அவரை மனிதர்களிடம் இருந்தே தள்ளி வைக்கப் பார்த்தது. அவர்தான் சுப்பிரமணிய சிவா. வ.உ.சி., பாரதி பெயர்களோடு சேர்த்தே சொல்லப்படும் இந்த மூன்றாவது பெயரைப் பற்றி பலருக்கும் முழுசாகத் தெரியாது.

சகோதரத்துவ சங்கம் என்றால் என்ன?

ரத்த உறவு இல்லாதவர்கள், ஒரு உறுதிமொழி எடுத்துக்கொண்டு அண்ணன் தம்பி போல் பழகும் அமைப்புதான் சகோதரத்துவ சங்கம். உலக அளவில் பிரபலமானது ஃப்ரீமேசன் சங்கம். 1717-ல் லண்டனில் இதன் தலைமை அமைப்பு உருவானது. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இதில் உறுப்பினர்.

நம்ம ஊர் தலைவர்களும் விதிவிலக்கு இல்லை. விவேகானந்தர், துறவியாவதற்கு முன்பு 1884-ல் கொல்கத்தாவில் ஒரு ஃப்ரீமேசன் கிளையில் சேர்ந்தார். மோதிலால் நேருவும் ஃப்ரீமேசன்தான். அவருடைய மகன் ஜவஹர்லால், 13 வயதிலேயே தியாசபிகல் சொசைட்டியில் சேர்ந்தவர். அந்த சொசைட்டியின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறில் இருக்கிறது.

ஆனால் இவற்றில் நுழைய படிப்பு, அந்தஸ்து, அறிமுகம் எல்லாம் வேண்டும். சாப்பாட்டுக்கே வழி இல்லாத வத்தலக்குண்டு இளைஞனுக்கு அந்தக் கதவு எங்கே திறக்கும்? அவர் தானே ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்.

வத்தலக்குண்டு சுப்பராமன், ‘சிவா’ ஆனது எப்படி?

1884 அக்டோபர் 4-ம் தேதி பிறந்தார். அப்பா ராஜம் ஐயர், அம்மா நாகம்மாள். (‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை எழுதிய ராஜம் ஐயரும் வத்தலக்குண்டுகாரர்தான். ஆனால் அவர் வேறு, இவர் வேறு.) வைத்த பெயர் சுப்பராமன். அன்றைக்கு வத்தலக்குண்டு மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான்.

மதுரையில் பள்ளிப் படிப்பு. வீட்டில் வறுமை முற்றியதும் திருவனந்தபுரம் போனார். அங்கே இலவசமாக சாப்பாடு போடும் ஊட்டுப்புரை இருந்தது. வயிறும் நிறையும், படிப்பும் நடக்கும். சதாசிவர் என்ற துறவியிடம் யோகம் கற்றதும் அங்கேதான். சுப்பராமன், சுப்பிரமணிய சிவம் ஆனது அப்போதுதான். 1899-ல் மீனாட்சியோடு கல்யாணம். சிவகாசியில் போலீஸ் அலுவலகத்தில் கிடைத்த சின்ன வேலையும் நிலைக்கவில்லை.

ரஷ்யாவை 1905-ல் ஜப்பான் தோற்கடித்த செய்தி ஆசியா முழுக்க இளைஞர்களைக் கிளப்பிவிட்டது. வெள்ளைக்காரனையும் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை சிவாவுக்கும் வந்தது. 1906-ல் திருவனந்தபுரத்தில் ‘தர்ம பரிபாலன சமாஜம்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். இளைஞர்களைக் கூட்டி வைத்து நாட்டு நடப்பைப் பேசுவதுதான் வேலை. ரகசியம் எதுவும் கிடையாது. அதுவே சமஸ்தானத்துக்கு தலைவலி ஆகிவிட்டது. 1907-ல் அவரை வெளியேறச் சொன்னது.

தூத்துக்குடியில் என்ன நடந்தது?

ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கனவே சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த வ.உ.சி., சிவாவைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். கடற்கரையில் சிவா பேசினால் கூட்டம் அலைமோதும்.

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டும் என்பது கோரிக்கை. வ.உ.சி.யும் சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது.

அரசு சும்மா இருக்குமா? வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதைத் தொடர்ந்து, மார்ச் 12-ம் தேதி இருவரையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்திர தண்டனை. வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்காக ஒரு தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு தண்டனை. ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்ததே குற்றமாகிவிட்டது. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

சிறை என்ன கொடுத்தது?

தொழுநோய். அன்றைக்கு அதை முழுசாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. இன்றைக்கு கூட்டு மருந்து சிகிச்சையில் முழுசாகக் குணமாகிவிடும் நோய் அது.

அவர் சிறையில் இருந்தபோது வெளியே காலம் மாறியது. நீலகண்ட பிரம்மச்சாரி தொடங்கிய ‘பாரத மாதா சங்கம்’ ரகசிய உறுதிமொழியோடு இயங்கியது. அதில் இருந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார்.

1912 நவம்பரில் வெளியே வந்த சிவா, ரகசிய வழிக்குப் போகவில்லை. 1913-ல் ‘ஞானபானு’ என்ற பத்திரிகை தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதி அதில் எழுதினார், வ.உ.சி.யும் எழுதினார். 1915-ல் மனைவி மீனாட்சி காலமானார். 1921-ல் காவி உடுத்தி ‘சுதந்திரானந்தர்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அதே ஆண்டு மறுபடியும் சிறை. அடுத்த ஆண்டு உடல்நிலை காரணமாக விடுதலை.

ரயிலில் ஏன் ஏற முடியவில்லை?

தொழுநோயாளிகள் ரயிலில் பயணிக்க அப்போது தடை. பேச்சையே ஆயுதமாக வைத்திருந்த, ஊர் ஊராகப் போனால்தான் வேலை நடக்கும் என்ற நிலையில் இருந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய அடி! உடம்பில் புண்களைத் துணியால் மூடிக்கொண்டு மாட்டு வண்டியில் போனார். வண்டி இல்லாதபோது நடந்தார். கூட்டம் நிற்கவில்லை.

அப்படிச் சுற்றிச் சேர்த்த ஆதரவில் உருவானதுதான் பாப்பாரப்பட்டி பாரத ஆசிரமம். இப்போது தருமபுரி மாவட்டம், அன்றைக்கு சேலம் மாவட்டம். நாட்டுக்காக வாழ்கிறேன் என்று உறுதி எடுப்பவர்கள் சாதி பார்க்காமல் சேர்ந்து வாழும் இடமாக அதை நினைத்தார். அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில், அதில் எல்லா சாதி, மதத்தினரும் நுழையலாம் என்பது திட்டம். 1923 ஜூன் 23-ம் தேதி வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார்.

கோயில் கட்டி முடிப்பதைப் பார்க்க சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலையில் மதுரையில் இருந்து கஷ்டப்பட்டு பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தார். ஜூலை 23-ம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. 41 வயது கூட நிறையவில்லை. கோயிலுக்குப் பணம் சேர்க்க அலைந்த மனிதரின் உடல், அந்த ஆசிரம மண்ணிலேயே அடங்கியது.

இன்று என்ன இருக்கிறது?

பாப்பாரப்பட்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதா நினைவாலயத்தை தமிழக அரசு கட்டியிருக்கிறது. வத்தலக்குண்டில் மணிமண்டபம் உண்டு. 1961-ல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாவாக நடித்தவர் டி.கே.சண்முகம்.

திருவனந்தபுரத்தில் இருந்து துரத்தியபோதும், தூத்துக்குடியில் கைது செய்தபோதும், ரயில் கதவைச் சாத்தியபோதும் அவர் செய்தது ஒரே விஷயம்தான்: அடுத்த ஊருக்குப் போய், மறுபடியும் நாலு பேரை ஒன்று சேர்த்தார். அடுத்த முறை கொடைக்கானல் போகும்போது பஸ் வத்தலக்குண்டில் நின்றால், இந்த ஊர்க்காரரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.