வளர்ப்பு மகன்: எட்கார் அலன் போவின் இளமை

துப்பறியுங் கதை என்னும் இலக்கிய வகைக்கு வித்திட்டவர், சிறுகதைக்கு இலக்கணம் வகுத்தவர், அச்சச்சுவையைக் கலையாக்கியவர் என்றெல்லாம் எட்கார் அலன் போ போற்றப்படுகின்றார். அவருடைய குடிப்பழக்கத்தையும் வறுமையையும் எடுத்துக்காட்டி இகழ்ந்தோரும் பலர். புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் ஊன்றி நோக்காத ஒன்று உண்டு. அதுவே அவருடைய பெயரின் நடுவே நிற்கும் அலன் என்னும் சொல். அது அவரைப் பெற்றவர் பெயரன்று, வளர்த்தவர் பெயர். அப்பெயருக்குரிய உரிமை அவருக்கு உண்டா, இல்லையா என்னும் வினா அவருடைய இளமை முழுவதையும் அலைக்கழித்தது.

1809ஆம் ஆண்டு சனவரி 19ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தாய் எலிசபெத்தும் தந்தை டேவிட்டும் ஊர் ஊராகச் சென்று நடிக்கும் நாடகக் கலைஞர்கள். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாய் 1811ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வேர்ஜீனியா மாநிலத்தின் றிச்மண்ட் நகரில், வாடகை அறையொன்றில் நோயுற்று இறந்தார். அப்போது எட்காருக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. குழந்தைகள் மூவரும் மூன்று திசைகளிற் பிரிந்தனர். மூத்தவனான ஹென்றி பால்டிமோரிலிருந்த பாட்டன் வீட்டில் வளர்ந்தான். தங்கை றோசலியை றிச்மண்டில் ஒரு குடும்பத்தார் ஏற்றனர். எட்காரை அந்நகர வணிகரான ஜோன் அலனும் அவர் மனைவி பிரான்சிசும் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். தாய், தந்தை, தமையன், தங்கை ஆகிய அனைவரையும் அச்சிறுவன் ஒருசேர இழந்தான்.

அலன் தம்பதியருக்குக் குழந்தை இல்லை. பிரான்சிஸ் அம்மையார் அவன்மீது பேரன்பு செலுத்தினார். அலன் என்னும் பெயரும் அவனுக்குச் சூட்டப்பட்டது. எனினும், சட்டமுறையான சுவீகாரம் ஒருபோதும் நிகழவில்லை. 1815 முதல் 1820 வரை அக்குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்தது. சிறுவன் அங்கே விடுதிப் பள்ளியிற் பயின்றான். நல்லுடை, நற்கல்வி, செல்வர் வீட்டுப் பழக்கவழக்கம் யாவும் கிடைத்தன. தான் அவ்வீட்டு மகனா, அன்றி அவ்வீட்டாரின் தருமத்தில் வாழ்பவனா என்பதை மட்டும் எவரும் அவனுக்கு உறுதியாய்ச் சொல்லவில்லை.

பதின்மப் பருவத்தில் இவ்வையம் முற்றியது. தாய் போல் அன்பு காட்டிய, நண்பனொருவனின் அன்னை ஜேன் ஸ்ரனாட் 1824இல் காலமானார். அடுத்த ஆண்டு அலனுக்கு அவருடைய மாமனின் பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது. செல்வம் பெருகியதேயன்றி வளர்ப்புத் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலிருந்த நெருக்கம் பெருகவில்லை. மகன் நன்றியற்றவன் என்று தந்தை கருதினார். அன்பை நன்றிக்கடனாக எண்ணிக் கணக்குப் பார்க்கின்றார் என்று மகன் வெதும்பினான்.

1826இல் போ வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் புகுந்தார். மொழிகளிற் சிறந்த தேர்ச்சி காட்டினார். ஆனால் செலவுக்குப் போதிய பணம் தரப்படவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. சூதாடியதால் ஏறத்தாழ 2000 டொலர் கடன் சேர்ந்தது. சூதாட்டக் கடனைத் தீர்க்க அலன் மறுத்தார். படிப்பு ஓராண்டுடன் நின்றது. அவர் காதலித்த பெண்ணும், அவள் தந்தை கடிதங்களை இடைமறித்தமையால், அவரை விட்டு அகன்றாள். 1827 மார்ச் மாதத்தில் வீட்டில் மூண்ட பெரும் பூசலின்பின் அவர் வெளியேறினார். 18 வயதிலே, எட்கார் பெரி என்ற பொய்ப் பெயருடனும், 22 வயது என்ற பொய் வயதுடனும் படையிற் சேர்ந்தார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய முதற் கவிதைநூலிலும் அவர் பெயர் இல்லை. பொஸ்டன் நகரத்தான் என்ற குறிப்பே இருந்தது. பெற்றவர் பெயரையும் வளர்த்தவர் பெயரையும் ஒருங்கே துறந்து நின்ற இளைஞனின் உள்ளத்தை இவ்விரு செயல்களும் காட்டுகின்றன.

1829 பெப்ரவரியில் பிரான்சிஸ் அம்மையார் இறந்தார். போ றிச்மண்டை அடைந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. அத்துயரினால் இருவரும் சிறிதுகாலம் இணங்கினர். அடுத்த ஆண்டு போ வெஸ்ற்பொயின்ற் படைக்கல்லூரியிற் சேர்ந்தார். அலன் மறுமணம் புரிந்தபின் அவ்விணக்கமும் குலைந்தது. போ வேண்டுமென்றே கடமைகளைப் புறக்கணித்து, 1831இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். இக்காலத்தில் அவர் அலனுக்கு எழுதிய கடிதங்களிற் சினமும் கெஞ்சுதலும் மாறி மாறி வருகின்றன. உறவை வெட்டிக்கொள்ளும் கையே மறுபடியும் அதனைப் பற்ற நீள்கின்றது. 1834இல் அலன் இறந்தார். மணவுறவுக்குப் புறம்பே பிறந்த தம் பிள்ளைகளுக்கும் உயிலில் இடமளித்தவர் போவுக்கு எதுவும் விடவில்லை.

குழந்தைப் பருவத்து இழப்பு வளர்ந்தோர் உளநலத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தவருள் முதன்மையானவர் பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அவர் அளித்த அறிக்கை, அன்னையின் அல்லது அன்னை நிலையில் நிற்பவரின் இடையறாத அன்பு குழந்தையின் உளநலத்துக்கு இன்றியமையாதது என வற்புறுத்தியது. அத்தகைய பற்று அறுந்த குழந்தை, வளர்ந்தபின் பிறரை எளிதில் நம்பாது. கைவிடப்படுவோமோ என அஞ்சி, அவ்வச்சத்தினாலேயே உறவைக் குலைக்கவுங் கூடும். மறைந்த ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று; எனினும் போவின் இளமையை உணர்வதற்கு இவ்வறிவு கைகொடுக்கின்றது. தத்தெடுக்கப்பட்டதன்று அவர் கேடு. தத்து முழுமை பெறாமற்போனதே கேடு.

அவருக்கு நிலையான இல்லம் ஒன்று இறுதியிற் கிடைத்தது. பால்டிமோரில் தையல் வேலை செய்து பிழைத்த தந்தையின் தங்கை மரியா கிளெம், வறுமையிலும் அவரைத் தன் மகனாகவே ஏற்றார். 1836இல் போ அவ்வம்மையாரின் மகள் வேர்ஜீனியாவை மணந்தார். அவளுக்கு அப்போது வயது 13. இன்றைய அறம் ஏற்காத மணம் அது. அவருடைய சிறந்த கதைகளுட் பல இக்குடும்ப நிழலில் வாழ்ந்த ஆண்டுகளிலேயே எழுந்தன. 1842இல் பாடிக்கொண்டிருந்த வேர்ஜீனியா குருதி கக்கினாள். ஐந்தாண்டு காசநோயில் வாடி, 1847இல் 24ஆம் வயதில் இறந்தாள். தமையன் ஹென்றி இறந்ததும் அதே வயதில். இளம்பெண்ணின் மரணம் அவர் எழுத்தில் மீண்டும் மீண்டும் வருவதன் காரணத்தை நாம் வேறெங்குந் தேட வேண்டியதில்லை. 1849இல், தம் வாழ்வின் இறுதி ஆண்டில், மரியாவைத் தாயாக விளித்து அவர் ஒரு கவிதை இயற்றினார். அவ்வாண்டு ஒக்ரோபர் 7ஆந் திகதி, 40ஆம் வயதில், பால்டிமோர் மருத்துவமனையொன்றில் அவர் உயிர் நீத்தார்.

ஜோன் அலன் கொடியவர் அல்லர். ஆதரவற்ற குழந்தைக்கு உணவும் உடையும் உயர்கல்வியும் அளித்தவர். மரியா கிளெம்மிடம் அவை எவையும் இல்லை. நீ என் மகன் என்ற உறுதி மட்டுமே இருந்தது. செல்வர் மனையில் மனங்கலங்கிய இளைஞன், ஏழை மனையில் எழுத்தாளன் ஆனான். பிறர் பிள்ளையை வளர்ப்போரும், அத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிப்போரும் சிந்தித்தற்குரியது இவ்வேறுபாடு.