கம்பிகளை வெளியே வைத்த பொறியாளர்

சுமை ஏறுவதற்கு முன்பே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டை அழுத்தத்தில் வைப்பது முன்தகைவு முறையாகும். இதில் தனிவழி கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரான்ஸ் டிஷிங்கர்.

1887 ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் பிறந்த அவர், மெல்லிய கான்கிரீட் கூரைகளை வடிவமைத்துப் புகழ்பெற்றார். 1933 முதல் பெர்லினில் பேராசிரியராகப் பணியாற்றினார். அழுத்தத்திலுள்ள கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். அதனால் கம்பிகள் தளரும். எனவே அவற்றைக் கான்கிரீட்டினுள் புதைக்காமல் வெளியே அமைத்து, தளரும்போது மீண்டும் இறுக்கலாம் என்ற முறைக்கு 1934 இல் அவர் காப்புரிமை கோரினார்.

சாக்சனி மாநிலத்தின் ஔவே நகரில், 69 மீட்டர் நடு இடைவெளி கொண்ட பாலம் அம்முறையில் 1937 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அக்கால எஃகின் வலிமை போதவில்லை. இறுக்கம் பெரிதும் குறைந்து, பின்னாளில் கம்பிகளை மீண்டும் இறுக்க வேண்டியதாயிற்று. உயர்வலிமை எஃகு வந்தபின், கம்பிகளை உள்ளே புதைக்கும் முறையே பரவியது. டிஷிங்கர் 1953 இல் பெர்லினில் காலமானார்.

புதைந்த கம்பி துருப்பிடித்தால் வெளியே தெரியாது. 2024 செப்டம்பரில் அதே மாநிலத்தின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்ததற்கு, உள்ளிருந்த கம்பிகள் அரிப்பினால் அறுந்ததே முக்கியக் காரணம் என்று கண்டறியப்பட்டது. சோதிக்கவும் மாற்றவும் ஏதுவான வெளிக்கம்பி முறை, ஜெர்மனியின் புதிய நெடுஞ்சாலைப் பாலங்களில் 1990களிலிருந்தே மீண்டும் இடம்பெற்று வருகிறது.