நோர்மன் கிங்சிலி

நோர்மன் வில்லியம் கிங்சிலி (1829 - 1913) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவரும் சிற்பியும் ஆவார். அண்ணப்பிளவுடன் பிறந்தோருக்குச் செயற்கை அண்ணம் செய்தளித்தவர் என்றும், பற்சீரமைப்பியலின் முன்னோடிகளுள் ஒருவர் என்றும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கிங்சிலி நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். கல்லூரியில் பயிலாது, உறவினர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தே தொழிலைக் கற்றார். அக்காலத்தில் அதுவே வழமை. பின்னர் நியூயோர்க் நகரில் புகழ்பெற்ற மருத்துவரானார். 1865 இல் நிறுவப்பட்ட நியூயோர்க் பல் மருத்துவக் கல்லூரியின் முதல் பீடாதிபதியும் இவரே.

செயற்கை அண்ணம்

அண்ணம் பிளந்திருந்தால் வாயில் காற்றை அடக்க இயலாது. அது மூக்கு வழியே வெளியேறிவிடும். காற்றை அடக்கி ஒலிக்க வேண்டிய வல்லின எழுத்துகளே இதனால் பெரிதும் கெடுகின்றன. 'ப' ஏறத்தாழ 'ம' போலவும் 'த' ஏறத்தாழ 'ந' போலவும் ஒலிக்கும். பிளவைத் தையலிட்டு மூடினாலும் மெல்லண்ணம் குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் பேச்சு தெளிவு பெறாது. இதனால் கிங்சிலி அறுவை மருத்துவத்தை விடக் கருவியையே நம்பினார். 1859 இல் மென்மையான இறப்பரால் ஒரு செயற்கை மெல்லண்ணத்தை உருவாக்கினார். தொண்டைத் தசைகளுடன் சேர்ந்து அசையக்கூடியதாக இருந்ததே அதன் சிறப்பு. நோயாளியின் வாயை அச்செடுத்து அதற்கேற்ப வடிக்கும் இவ்வேலைக்கு இவரது சிற்பப் பயிற்சி உதவியிருக்க வேண்டும்.

பற்சீரமைப்பு

வாயின் குறைபாடுகளைப் பற்றிய இவரது பெருநூல் 1880 இல் வெளியானது. அண்ணப்பிளவும் கோணற்பற்களும் அதில் ஒருங்கே ஆராயப்பட்டன. துருத்திய மேற்பற்களைத் தலையில் அணியும் பட்டையின் துணையால் பின்னிழுத்ததும், பின்தங்கிய கீழ்த்தாடையைச் சாய்தளமுடைய தகட்டால் முன்கொணர்ந்ததும் இவரது புகழ்பெற்ற முறைகள்.

பின்னாளைய நிலை

அண்ணப்பிளவைப் பொறுத்தவரை இறுதியில் அறுவை மருத்துவமே வென்றது. ஆயினும் தையலிட்ட அண்ணத்தின் தழும்பு, வளரும் மேல்தாடையைப் பிடித்து நிறுத்துகிறது. இக்குழந்தைகள் பலருக்கு மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமைகின்றன. பிளவை அடுத்த வெட்டுப்பல் இல்லாமலோ உருத்திரிந்தோ இருக்கும். கோரைப்பல் இறங்கவும் எலும்பு இராது. எனவே அப்பல் முளைக்குமுன், ஏறத்தாழ 8 முதல் 11 வயதுக்குள், அவ்விடத்தில் எலும்பு ஒட்டுவர். மேல்தாடையை அகலப்படுத்தவும் நேரும். சிலருக்கு முகக்கவசக் கருவியால் அதனை முன்னிழுப்பதும் உண்டு. இது கிங்சிலியின் தலைப்பட்டைக்கு நேர் எதிரான வேலையாகும்.

இதற்குரிய முக்கிய சான்று இலங்கையில் கிடைத்தது. 1980களில் இலண்டன் பற்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் தலைமையிலான குழு, அறுவையே செய்யப்படாமல் வளர்ந்துவிட்ட பிளவுடையோரை அங்கு ஆராய்ந்தது. அவர்களுடைய மேல்தாடை பெரும்பாலும் இயல்பான வளர்ச்சி பெற்றிருந்தமை 1990 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. ஆனால், அண்ணத்தை மூடாமல் காலந்தாழ்த்தினால் பேச்சு கெடுகிறது. பேச்சுக்காக முன்னதாகவே மூடினால் தாடை வளர்ச்சி குன்றலாம். அறுவைக்கு உகந்த வயது எது என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.