முதற் குலோத்துங்கன்: குலமும் மொழியும்

ஒரு மக்கட் கூட்டத்தார் எவ்வினத்தார், எம்மொழியார் என்று துணிதல் வரலாற்று நூலார்க்கு அரியதொரு பணியாகும். ஐரோப்பாவை நடுங்கச்செய்த ஹூணர், சீன ஏடுகளிற் காணப்படும் சியோங்னு மரபினரோ பிறரோ என்னும் வழக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு முதலாக இன்னும் தீர்ந்தபாடில்லை. அவர் மொழியில் ஒருசில சொற்களே எஞ்சினமையின் அவ்வழக்கு நீள்வது இயல்பே. ஆயின், கல்வெட்டுக்கள் பலவற்றை விட்டுச்சென்ற அரசன் ஒருவனைப்பற்றியும் இத்தகைய வழக்கு எழுந்தமை வியப்பிற்குரியது. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக்கொண்டு ஆண்ட முதற் குலோத்துங்கனே அவன். அவன் சோழனோ சளுக்கியனோ, தமிழனோ தெலுங்கனோ என்பதே வினா.

அவன் தந்தை, வேங்கி நாடாண்ட கீழைச் சளுக்கிய மன்னனாகிய இராசராச நரேந்திரன். நன்னயர் பாரதத்தைத் தெலுங்கிற் பாடத் தொடங்கியது இவ்வேந்தன் வேண்டுகோளாலேயாம். தாய் அம்மங்கை தேவி, கங்கைகொண்ட முதல் இராசேந்திரன் மகள். தந்தையைப் பெற்ற குந்தவையோ அவ்விராசேந்திரனுக்கு உடன்பிறந்தாள். மைந்தனுக்கும் தாய்ப்பாட்டன் பெயராகிய இராசேந்திரன் என்பதனையே இட்டனர். தந்தை 1061 இல் இறந்தபின் வேங்கியரசு சிற்றப்பனாகிய விசயாதித்தன் கைப்பட்டது. இளவரசன் மணந்ததும் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரன் மகள் மதுராந்தகியையே. தந்தைவழியிற் சளுக்கியனாயினும், அவன் சோழர்குடியோடு பல்லாற்றானும் பிணிப்புண்டிருந்தமை இதனாற் புலனாம்.

1070 இல் வீரராசேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராசேந்திரன் சின்னாளே அரசிருந்து கலகத்தில் மாண்டான். அதன்பின் வேங்கியிளவல் சோழர் அரியணையேறினன். இங்கேதான் சான்றுகள் மாறுபடுகின்றன. மேலைச் சளுக்கிய வேந்தனாகிய ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர் அவனை அரசு கவர்ந்தவனாகக் காட்டுவர். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரோ, அரசின்றி அலமந்த நாட்டை நிலைநிறுத்த வந்த உரியவனாகப் போற்றுவர். பிறந்தபோதே பாட்டி அவனைச் சோழர்குலம் விளக்க வந்தவனாக ஏந்தினாள் என்றும் கூறுவர். இதுகொண்டு அவன் சோழர்க்குத் தத்துப்பிள்ளையாயினன் என்றார் சிலர். அங்ஙனம் கொள்ளச் சான்றில்லை என்றார் பிறர். விக்கிரமாதித்தன் அதிராசேந்திரனுக்கு மைத்துனன் என்பதனையும், செயங்கொண்டார் குலோத்துங்கன் அருள்பெற்ற புலவர் என்பதனையும் நாம் மறத்தலாகாது. இருவரும் நடுநின்றாரல்லர்.

கல்வெட்டும் செப்பேடும் இவ்வழக்கை எளிதில் தீர்க்குமாறில்லை. சோணாட்டுக் கோயில்களில் அவன் மெய்க்கீர்த்தி செந்தமிழில் திகழ்கின்றது. வேங்கியிலிருந்து ஆண்ட அவன் புதல்வரின் செப்பேடுகளோ வடமொழியில் திங்கள் மரபினராகிய சளுக்கியர் வழியைக் கூறுகின்றன. குடும்பம் ஒன்றே, கேட்கும் நாட்டிற்கேற்பக் குலமுறை வேறுபட்டது.

இனி, அவன் ஒழுகியவாற்றை நோக்குவோம். வேங்கிக்குப் புதல்வர்களை அனுப்பித் தான் சோணாட்டிலேயே தங்கினன். 1086 இல் நிலம் அளப்பித்தான். சுங்கந் தவிர்த்த சோழன் என்று நாட்டார் நினைவில் நின்றான். தான் சைவனாயினும், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்குரிய அறங்களை 1090 இல் உறுதிசெய்தான். 1110 ஐ ஒட்டி அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் வென்றான். ஈழம் அவன் ஆட்சித் தொடக்கத்திலேயே கைநழுவியதும், முதுமையிற் கங்கபாடி போசளர்பாற் சென்றதும் மறைத்தற்குரியனவல்ல. எனினும், நிலைகுலைய நின்ற பேரரசொன்று அவன் கையில் ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் சிதையாது நின்றது.

ஆகவே, தமிழனோ தெலுங்கனோ என ஒன்றையே சுட்டக் கேட்கும் வினா அவன் காலத்தார்க்கு எழுந்த வினாவன்று. தந்தையின் மொழி தெலுங்கு, தாயின் மொழி தமிழ், இரண்டும் அவற்குரியன. இன்று இருமொழியாரும் அவனை எம்மவன் என்று வழக்கிடுவது அவற்கு இழுக்கன்று. ஆயின், ஒருபாதியை மறைத்து மறுபாதியை நாட்டுவது வரலாற்றுக்கு இழுக்காகும். குலங்கூறும் சான்று எதனைக் கண்டாலும், சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார், என்ன பயன் கருதிச் சொன்னார் என்று ஆராய்ந்து கொள்ளுதல் மாணவர் கடனாகும்.