ரோபோவுக்குப் பெயர் வைத்தது யார்?

குட்டீஸ்... ரோபோ என்றால் உங்கள் எல்லாருக்கும் கொள்ளைப் பிரியம் தானே! பேட்டரி போட்டதும், 'டக் டக்' என நடக்கும் பொம்மை ரோபோ, கார் தொழிற்சாலையில் இரும்புக் கையை நீட்டி, 'வெல்டிங்' செய்யும் ரோபோ, செவ்வாய் கிரகத்தில் மண்ணைத் துருவிப் பார்க்கும் ரோபோ என்று எத்தனையோ வகை.

ஆனால், ரோபோ என்ற பெயர் எங்கே பிறந்தது தெரியுமா? விஞ்ஞானிகளின் ஆய்வுக் கூடத்தில் அல்ல, ஒரு நாடகத்தில்! அந்த நாடகத்தை எழுதியவர் காரல் சாப்பெக். அந்த ஒரே சொல்லால் உலகம் முழுவதும் புகழ் பெற்ற அவர், அது தன்னுடைய சொல்லே இல்லை என்று தானாகவே முன்வந்து சொன்னார். அந்தக் கதையைத் தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

ஐரோப்பாவில், இன்று செக் குடியரசு என்று அழைக்கப்படும் நாட்டில், ஒரு சின்னஞ்சிறு ஊரில் 1890, ஜனவரி 9ல் பிறந்தார் காரல் சாப்பெக். அப்போது அந்தப் பகுதி, ஆஸ்திரிய - ஹங்கேரிப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அப்பா ஊர் டாக்டர். ஊரைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்களும், ஜவுளி ஆலைகளும் இருந்தன. உடம்பு நோக உழைக்கும் மக்களைப் பார்த்தபடியே வளர்ந்தான் சிறுவன் காரல்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா ஹெலனா, அண்ணன் யோசப், கடைக்குட்டி காரல். அண்ணனும், தம்பியும் நகமும் சதையும் போல. அண்ணனுக்குத் தூரிகை மீது ஆசை. தம்பிக்குப் பேனா மீது ஆசை. பெரியவர்கள் ஆன பிறகு, இருவரும் சேர்ந்தே கதைகளும், நாடகங்களும் எழுதினர். தம்பி எழுதிய புத்தகங்களுக்கு அண்ணன் படம் வரைந்தார்.

பிராக் நகரப் பல்கலைக் கழகத்தில் தத்துவம் படித்த காரல், 1915ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால், அவரது உடல்நிலை சரியாக இல்லை. முதுகெலும்பில் ஏற்பட்ட நோய், இளம் வயதிலேயே அவரை வாட்டியது. கழுத்தைத் திருப்பக் கூட சிரமம். ஊன்றுகோல் பிடித்து நடந்தார். இதனால், முதல் உலகப் போருக்கு அவரை அழைக்கவில்லை. அந்தப் போரில் இயந்திரத் துப்பாக்கிகளும், விஷ வாயுவும் லட்சக்கணக்கானோரைக் கொன்றன. மனிதன் கண்டுபிடித்த பொருளே மனிதனை அழிக்கிறதே என்ற கவலை, அவர் மனதில் ஆழமாகப் பதிந்து விட்டது.

ஒருநாள், பிராக் நகருக்கு டிராம் வண்டியில் போனார். வண்டியில் கட்டுக்கடங்காத கூட்டம். படிக்கட்டு வரை ஆட்கள். நம் ஊர் டவுன் பஸ்சில் காலை நேரத்தில் பார்ப்பீர்களே, அதேபோல! முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்ததும், இவர்கள் மனிதர்களா, இயந்திரங்களா என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. வேலை செய்ய மட்டுமே தெரிந்த, ஆனால், யோசிக்கத் தெரியாத செயற்கை மனிதர்கள் இருந்தால் எப்படி இருக்கும்? நாடகத்துக்குக் கரு கிடைத்து விட்டது!

கரு கிடைத்தது, பெயர் தான் கிடைக்கவில்லை. அந்தச் செயற்கை மனிதர்களை என்னவென்று அழைப்பது? உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, 'லபோரி' என்ற பெயரை யோசித்தார். அது ஏட்டுச் சுரைக்காய் போல உயிரில்லாமல் இருந்தது. நேராக அண்ணனிடம் ஓடினார்.

யோசப் அப்போது மும்முரமாக ஓவியம் தீட்டிக் கொண்டிருந்தார். வாயில் ஒரு தூரிகை. கையில் ஒரு தூரிகை. தம்பி சொன்னதைக் கேட்டபடியே, கண்ணை ஓவியத்திலிருந்து எடுக்காமல், வாயில் தூரிகையைக் கவ்விக் கொண்டே, ரோபாட் என்று வைத்து விடு என முணுமுணுத்தார்.

அவ்வளவு தான்... உலகின் எல்லா மொழிகளுக்கும் போகப் போகும் சொல் பிறந்து விட்டது! அதைத் தான் நாம், கடைசி எழுத்தை விட்டுவிட்டு, ரோபோ என்கிறோம்.

யோசப் அந்தச் சொல்லை ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை, குட்டீஸ். செக் மொழியில், 'ரோபோட்டா' என்ற பழைய சொல் உண்டு. கட்டாய உழைப்பு என்று அதற்குப் பொருள். அந்த நாட்டு ஏழை விவசாயிகள், வாரத்தில் மூன்று நாள் வரை, நிலப்பிரபுவின் வயலில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. மறுத்தால் தண்டனை! சோழர் காலக் கல்வெட்டுகளில், 'வெட்டி' என்று ஒரு சொல் வருகிறது. அதற்கும், கூலி இல்லாத கட்டாய வேலை என்று தான் பொருள். செக் விவசாயிகளுக்கு, 1848ல் தான் இந்தக் கொடுமையிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆக, ரோபோ என்ற பெயருக்குள்ளே, ஏழைகளின் வியர்வையும், கண்ணீரும் இருக்கின்றன.

நாடகம், 1920ல் புத்தகமாக வந்தது. 1921, ஜனவரியில், பிராக் நகரின் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. இதில் வரும் ரோபோக்கள், தகரமும், இரும்பும் அல்ல. பார்க்க அச்சு அசலாக மனிதர்களைப் போலவே இருப்பர். தொலைதூரத் தீவில் இருக்கும் தொழிற்சாலையில், ரசாயனக் கூழிலிருந்து இவர்களைச் செய்து, மலிவு விலைக்கு விற்பர். எல்லா வேலைகளையும் ரோபோக்களே செய்ய, மனிதர்கள் சோம்பேறிகளாகி விடுவர். கடைசியில், ரோபோக்கள் பொங்கி எழுந்து மனிதர்களை அழித்து விடும். ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிடும். ஏன் தெரியுமா? அவர் தன் கையால் உழைக்கிறவர்!

நாடகத்துக்கு ஏக வரவேற்பு. 1922ல் நியூயார்க்கிலும், 1923ல் லண்டனிலும் நடத்தப்பட்டது. போன இடமெல்லாம் ரோபாட் என்ற சொல்லும் கூடவே போனது. 1941ல், ஐசக் அசிமோவ் என்ற அமெரிக்க எழுத்தாளர், அதிலிருந்து, 'ரோபாட்டிக்ஸ்' என்ற சொல்லைத் தன் கதையில் உருவாக்கினார். இன்று கல்லூரிகளில் அது ஒரு தனிப் படிப்பு!

சரி... காரல் என்ன செய்தார்? ஆங்கில அகராதியில் இடம்பிடித்த இந்தச் சொல்லைப் பற்றிப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த காரல் சும்மா இருக்கவில்லை. தான் வேலை பார்த்த நாளிதழிலேயே, 1933, டிசம்பரில் விளக்கம் எழுதினார். தூரிகை கவ்விய வாயால் அண்ணன் முணுமுணுத்த கதையை அப்படியே சொல்லி, புகழை அண்ணனுக்கே கொடுத்து விட்டார். அவர் பேசாமல் இருந்திருந்தால், யாருக்கும் தெரிந்திருக்காது. இருந்தும் சொன்னார்!

காரல் கலகலப்பானவர். தோட்டம் போடுவதிலும், நாய் வளர்ப்பதிலும் ஆர்வம் அதிகம். தன் வீட்டு நாய்க்குட்டி, 'டாஷென்கா' பற்றி, தானே படம் வரைந்து, போட்டோவும் எடுத்து, குழந்தைகளுக்காக ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால், காலம் மாறியது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவரது கொடுமைகளை எதிர்த்து, அண்ணனும், தம்பியும் அஞ்சாமல் எழுதினர், வரைந்தனர். 1938ல், செக் நாட்டுக்கு ஆபத்து நெருங்கியது. வெளிநாட்டுக்குத் தப்பிச் செல்ல வழி இருந்தும், காரல் மறுத்து விட்டார். அந்தக் குளிர்காலத்தில் நிமோனியா காய்ச்சல் தாக்கி, டிசம்பர் 25ல், 48 வயதிலேயே இறந்தார்.

அடுத்த மார்ச் மாதம், ஜெர்மனி படை பிராக் நகருக்குள் நுழைந்தது. காரலைக் கைது செய்ய ரகசிய போலீசார் வீட்டுக்கு வந்தனர். அவர் இறந்த செய்தி கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை!

அண்ணன் யோசப் தப்பவில்லை. 1939, செப்டம்பரில் அவரைப் பிடித்து, கைதிகளை அடித்து, பட்டினி போட்டு வேலை வாங்கும் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தனர். கட்டாய உழைப்பு என்ற பொருள் கொண்ட சொல்லை உலகுக்குத் தந்தவர், வதை முகாமிலேயே மடிந்தார். அது, 1945, ஏப்ரல் மாதம். போர் முடிய சில வாரங்களே இருந்தன.

அண்ணனும், தம்பியும் பிராக் நகரில் ஒட்டினாற்போல வீடு கட்டி, அருகருகே வாழ்ந்தனர். அந்தத் தெருவுக்கு இன்று என்ன பெயர் தெரியுமா? சாப்பெக் சகோதரர்கள் தெரு! பெயர்ப் பலகையிலும் இருவரும் பிரியவில்லை.

என்ன குட்டீஸ்... நண்பன் சொல்லித் தந்த யோசனைக்கு, வகுப்பில் உங்களுக்குக் கைதட்டல் கிடைத்தால், என்ன செய்வீர்கள்? காரல் செய்ததை நினைத்துக் கொள்ளுங்கள். அடுத்த முறை பொம்மை ரோபோ, 'டக் டக்' என நடக்கும்போது, வாயில் தூரிகையுடன் நின்ற அந்த அண்ணனையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்!